ஆற்றில் போட்டது, குளத்தில் எடுத்தது

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. சுந்தரர் திருமுதுகுன்றத்துக்கு வந்து பாடுகிறார். திருமுதுகுன்றம் என்றால் விருத்தாசலம்தான். பழமலைநாதர் 12,000 பொன் கொடுக்கிறார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. சுந்தரர் ஆற்றில் போட்டார், கமலாலயத்தில் போய்த் தேடினார். ‘ஆத்துல போட்டுட்டு கொளத்துல தேடுன கத’ என்று இன்றைக்கும் கிண்டலுக்குச் சொல்வார்கள்.

கிண்டலாகச் சொல்லும்போது எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு சின்ன இடம் பெரியபுராணத்தில் உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்கிறார். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்திலிருந்து எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. மறுபடி பாடுகிறார். மாற்று சரியாகும்வரை விடவில்லை.

இன்றைக்கு ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது அதேதானா என்று செக்சம் பார்க்கிறோமே, அதே வேலைதான். பழைய வீடியோ கேம்களைச் சேகரிக்கிறவர்கள் இதில் ரொம்பக் கறார். ஒவ்வொரு கோப்பையும் அசலோடு எண்ணுக்கு எண் சரிபார்த்துத்தான் வைப்பார்கள். ஆனால் அவர்களிடம் இருக்கிற மச்சம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற எந்திரங்களின் மச்சம். விருத்தாசலத்தில் 1997-இல் ஓடிய பெட்டியின் மச்சம் எங்கே இருக்கிறது? சிப் போட்ட ஒரு பிளேஸ்டேஷன் 2-இல் எமுலேட்டர் ஏற்ற உட்கார்ந்தபோது எனக்கு முன்னால் வந்து நின்ற கேள்வி அதுதான்.

*

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசுக் கல்வி நிறுவனமும் உண்டு. உங்கள் வீட்டுப் பழைய மெயின் போர்டில் வெள்ளையாக ஒரு ஃபியூஸ் கேரியர் இருந்தால், கொலுப்படியில் பளபளவென்று ஒரு பீங்கான் பிள்ளையார் உட்கார்ந்திருந்தால், அவை எங்கள் ஊரிலிருந்து வந்தவையாக இருக்கலாம்.

அம்மா ஒரு பொம்மை கம்பெனியில் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்தாள். பொம்மையைக் கையால் பிடிப்பதில்லை. களிமண்ணையும் மற்ற கல்பொடிகளையும் தண்ணீர்விட்டு அரைத்து, பால்போலக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். சுவரோரமாக மண் படிந்து கெட்டியாகும். போதுமான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் உள்ளே பொள்ளலாக ஒரு பொம்மை இருக்கும். இரண்டு பாதி அச்சும் சேருகிற இடத்தில், பொம்மையின் உச்சந்தலையிலிருந்து இடுப்புவரை ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் செய்வதுதான் அம்மாவின் வேலை.

பச்சை மண் காயும்போது சுருங்கும். சூளைக்குள் போனால் இன்னும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடலாம். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் பொம்மையைக் கடையில் வாங்கி, அதிலிருந்தே இன்னொருவர் அச்சு எடுத்தால், அவருடைய பொம்மை முதல் பொம்மையைவிடச் சின்னதாகத்தான் வரும். முக அமைப்பு அதேதான், தும்பிக்கை வளைவு அதேதான், ஆனால் விரலளவு குள்ளம். ஒருமுறை திருவிழாக் கடையில் ஒரு பிள்ளையாரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: “இது நம்ம கம்பெனி புள்ளையாரு இல்ல. நம்ம புள்ளையாரோட புள்ள.”

நகல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று கையால் சொல்லக்கூடியவள் என் அம்மா. இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டும்.

*

1997 நவராத்திரி சீசன் முடிந்து கையில் போனஸ் வந்தபோது, பாண்டிச்சேரி போயிருந்த அப்பா ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். கறுப்புப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கார்ட்ரிட்ஜ் என்ற சொல்லையெல்லாம் நான் காலேஜுக்குப் போன பிறகுதான் கேட்டேன். எங்களுக்கு அது கேசட். ‘9999 இன் 1’ என்று அதன்மேல் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபது ஆட்டம்கூடத் தேறாது. அவையே பெயர் மாறி, நிறம் மாறித் திரும்பத் திரும்ப வரும். ஓடவில்லை என்றால் கழற்றி ஊதி மறுபடி சொருக வேண்டும்.

அந்தப் பெட்டி எதன் நகல் என்று இப்போது சொல்லலாம். நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற எந்திரத்தை வெளியிட்டது. அதன் சிப்புகளைத் தைவானில் நகலெடுத்தார்கள். அந்த நகல் சிப்புகளை வைத்து ஆளுக்கொரு பெயரில் பெட்டிகள் செய்து, ஃபேமிகாம் போய்ச் சேராத நாடுகளிலெல்லாம் விற்றார்கள். இந்தியாவில் எங்கள் தலைமுறையில் பெரும்பாலானவர்கள் அசலைப் பார்த்ததே இல்லை. மாரியோவும் கான்ட்ராவும் எங்களுக்கு வந்தது நகல் வழியாகத்தான்.

அம்மாவுக்கு மாரியோ பிடிக்காது. “எதுக்கு இப்பிடி குதிச்சிக்கினே இருக்கான்?” என்பாள். அவளுக்குப் பிடித்தது டேங்க் கேம். ‘பேட்டில் சிட்டி’ என்பது அதன் பெயர், நாம்கோ நிறுவனம் 1985-இல் செய்தது. மொத்த ஆட்டமும் 24 கிலோபைட். கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். மேலேயிருந்து இருபது எதிரி டாங்கிகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும். கழுகு அடிபட்டால் ஆட்டம் முடிந்தது. நாமே தப்பாகச் சுட்டுக் கழுகில் பட்டாலும் முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். மஞ்சள் டாங்கி அம்மா, பச்சை டாங்கி நான். அப்பா லாரியில் போய்விட்ட ராத்திரிகளில், பாத்திரம் கழுவி முடித்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்காருவாள்.

அந்த ஆட்டத்தில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒன்று உண்டு. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டம். செங்கல், இரும்பு, தண்ணீர், மரம் என்று நாமே அடுக்கி ஒரு ஊரைக் கட்டி, அதற்குள் சண்டை போடலாம். அம்மா கட்டியது விருத்தாசலம். குறுக்கே தண்ணீர் வைத்து மணிமுத்தாறு. வலப்பக்கம் மேலிருந்து கீழாக இரும்புக் கட்டி வைத்து ரயில் லைன். பழமலைநாதர் கோயிலில் கோபுரம், பிராகாரம் எல்லாமே ஐந்தைந்து என்று ஊரில் சொல்வார்கள், அதனால் அங்கே ஐந்து செங்கல் கட்டி. ஒரு மூலையில் மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்துவிட்ட சூளை. தண்ணீரை டாங்கி தாண்டாது, ஆனால் குண்டு தாண்டும். “ஆத்துக்கு இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் சுடலாம், அவன் வரமுடியாது” என்று அவள் கண்டுபிடித்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று.

அந்த ஊரைச் சேமித்து வைக்க வழியில்லை. பெட்டியை அணைத்தால் போச்சு, கரண்ட் போனாலும் போச்சு. மறுநாள் மறுபடி கட்டுவாள். ஒவ்வொரு முறையும் ஆறு ஒரு கட்டம் தள்ளியிருக்கும், சூளை இடம் மாறியிருக்கும். சூளையில் வைக்காத பச்சை மண்மாதிரிதான். தண்ணீர் பட்டால் திரும்பக் கூழ்.

பெட்டி பிறகு பரணுக்குப் போனது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது எங்கள் வீட்டு ஓடு பறந்தது. பரணில் இருந்ததெல்லாம் நனைந்தது. துணி காய்ந்தது, புத்தகம் பாதி காய்ந்தது, பெட்டி காயவில்லை.

*

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு தப்பித்தது. இடது காலும் மெல்லத் திரும்பியது. இடது கை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பிசியோதெரபி சொல்லிக் கொடுக்க வந்த பெண், விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள். மாவு பிசைவது, பந்தை அமுக்குவது, துணி மடிப்பது. அம்மா எல்லாவற்றையும் இரண்டு நாள் செய்வாள். மூன்றாம் நாள் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். ஒருநாள் அவளாகவே கேட்டாள்: “அந்த டேங்க் கேம் இன்னும் எங்கனா கெடைக்குதா?”

போனில் கிடைக்கும். ஆனால் கண்ணாடித் திரையில் பொத்தான் இருக்காது. மரத்துப்போன விரலுக்கு, அழுத்தினால் திருப்பி அழுத்துகிற ஒன்று வேண்டும். பழைய டியூப் டிவி வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் என் காலேஜ் காலத்து பிளேஸ்டேஷன் 2 இருந்தது. மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயரை அந்த டிவியில் நேராகச் சொருகலாம்.

இந்த எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். சோனி இதை 2000-இல் வெளியிட்டது. உலகம் முழுக்கப் பதினைந்து கோடிக்கும் மேல் விற்றது. என்னுடையது ரிச்சி தெருவில் சிப் போட்டு வாங்கியது. மதர்போர்டில் முடிமுடியாக ஒயர் பற்றவைத்து ஒரு குட்டிச் சிப்பை உட்கார்த்திவிடுவார்கள். அதன் பிறகு ஐம்பது ரூபாய் டிஸ்க் எல்லாம் ஓடும். இப்போது அதன் லென்ஸ் செத்துவிட்டது, எந்த டிஸ்க்கையும் படிப்பதில்லை. டிஸ்க்கே படிக்காத எந்திரத்தில் சிப் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எழுதிய டிவிடியை வைத்தே எந்திரத்தைத் திறக்கிற வழி ஒன்று 2020-இல் வந்தது. அதற்கும் லென்ஸ் வேண்டும்.

மிச்சமிருந்த வாசல் மெமரி கார்டு. பிளேஸ்டேஷன் 2 கண் விழிக்கும்போது, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நிரல் ஏதாவது மெமரி கார்டில் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப்பார்க்கும். சோனி தன் வசதிக்காக வைத்த ஏற்பாடு அது. அந்த இடத்தில் வேறொரு நிரலைக் கொண்டுபோய் உட்காரவைப்பதுதான் ‘ஃப்ரீ மெக்பூட்’. எந்திரத்தைத் திறக்கவோ பற்றவைக்கவோ வேண்டாம், கார்டைச் சொருகினால் போதும். பிற்காலத்தில் வந்த 90000 வரிசைப் பெட்டிகள் சிலவற்றில் சோனி அந்த வாசலை அடைத்துவிட்டது. என்னுடையது அதற்கு முந்தையது.

கார்டில் இதை ஏற்ற, ஏற்கெனவே திறந்த இன்னொரு எந்திரம் வேண்டும். நெய்வேலியில் இருக்கும் காலேஜ் நண்பன் வீட்டில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து 8 எம்பி கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பத்து நிமிஷ வேலை. மிச்ச நேரம் அவன் வீட்டில் மீன் குழம்பு.

வீட்டுக்கு வந்து, பென்டிரைவை ஃபேட்32 ஆக மாற்றி, ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டரையும் ஆட்டத்தையும் அதில் போட்டேன். பிளேஸ்டேஷன் 2-இன் யுஎஸ்பி அந்தக் காலத்து மெதுவான யுஎஸ்பி. திறக்க நேரமெடுத்தது. இந்த இடத்தில் எமுலேட்டர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஃபேமிகாமின் மூளை நொடிக்குப் பதினெட்டு லட்சம் துடிப்பு துடிக்கும், நினைவகம் 2 கிலோபைட். பிளேஸ்டேஷன் 2-இன் மூளை நொடிக்கு இருபத்தொன்பது கோடிக்கும் மேல் துடிக்கும், நினைவகம் 32 மெகாபைட். பெரியது சின்னதுபோல நடிக்கிறது. ஆட்டம் ஒரு கட்டளை கொடுத்தால், ஃபேமிகாமாக இருந்தால் இப்போது என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டு அதையே செய்கிறது. அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியமோ, நடிப்பு அவ்வளவு நம்பும்படி இருக்கும்.

*

ஆட்டம் வந்தது. தொடக்கத்தில் ஒரு குட்டிப் பாட்டு உண்டு, சில நொடிதான். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“பாட்டு ஓடுது.”

“ஆமாம்மா, ஓடுது.”

“அது இல்லடா. ஓடுது. யாரோ தொரத்துறமாதிரி ஓடுது. நம்முளுது இப்பிடி இருக்காது.”

கோப்பு சரியானது. எண்ணுக்கு எண் அசலோடு பொருந்துகிற கோப்பு. ஆனால் அம்மா சொன்னதும் சரி. காரணம் டிவியில் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் வரைந்தது. இந்தியாவில் 50 முறை. அந்தக் காலத்து ஆட்டங்களில் டாங்கி நகர்வதும் பாட்டில் அடுத்த சுரம் விழுவதும் இந்த எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கும். 60-க்கு எழுதியதை 50-இல் ஓட்டினால் பத்து நொடிப் பாட்டு பன்னிரண்டு நொடி ஆகும். எங்கள் ஊரில் மாரியோ ஜப்பானைவிட மெதுவாகத்தான் ஓடினான். எங்கள் டாங்கிகள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் உருண்டன. அது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அதுதான் வேகம்.

எமுலேட்டரில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. ‘ரீஜன்’ என்ற வரியில் மூன்று தேர்வுகள்: என்டிஎஸ்சி, பால், டென்டி. முதலாவது ஜப்பான்-அமெரிக்க முறை, அம்மா ஓடுகிறது என்றது. இரண்டாவது, ஐரோப்பாவுக்கென்று நின்டென்டோவே செய்த 50 முறை எந்திரம். அதைப் போட்டேன். டிவிக்குப் போகும் படத்தையும் 50-க்கு மாற்றினேன். வேகம் இறங்கியது.

அம்மா முகத்தைச் சுளித்தாள். “இப்ப தொண்ட கட்ன மாதிரி இருக்கு.”

அதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய எந்திரத்தில் மூளையின் துடிப்பையும் குறைத்துவிட்டார்கள், 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66-க்கு. ஒலியும் அந்தத் துடிப்பிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் பாட்டு மெதுவாவதோடு சுருதியும் இறங்கிவிடும். தைவான் நகல்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. படத்தை மட்டும் 50 ஆக்கிவிட்டு, துடிப்பைப் பழையதற்குப் பக்கத்திலேயே, 1.77-இல் வைத்துக்கொண்டார்கள். ஜப்பான் ஆட்டம் அப்படியே ஓட வேண்டுமே, அதற்கு. ஆகவே நகல் பெட்டியில் பாட்டு மெதுவாகும், சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். மூன்றாவது தேர்வு அதுதான்.

போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிந்து டாங்கியின் உறுமல் தொடங்கியதும், மடியில் கிடந்த வலது கைக் கட்டைவிரல் தானாக அசைந்தது.

அன்றைக்கு ராத்திரி மூன்று விதத்தையும் போனில் பதிந்து, எது எது என்று சொல்லாமல் பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் போட்டேன். முதல் பதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது: “மூணாவது. மச்சான், எங்க வீட்டு டிவி ஞாபகம் வந்துடுச்சு.” அடுத்து வந்த நான்கு பேரும் மூன்றாவது என்றார்கள். அவர்களில் யாருக்கும் மெகாஹெர்ட்ஸ் கணக்கு தெரியாது.

டென்டி என்பது ரஷ்யாவில் 1992 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டியின் பெயர். அதைத்தான் உலகம் முழுக்க எமுலேட்டர் எழுதுகிறவர்கள் இந்த வகைக்கே பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரஷ்யர்கள் தங்கள் நகலை அசல்போலவே மதித்தார்கள். பிரித்தார்கள், அளந்தார்கள், எழுதி வைத்தார்கள். நாமும் அதே குடும்பத்துப் பெட்டியில்தான் ஒரு குழந்தைப் பருவத்தைக் கழித்தோம். நம் பெட்டிகளின் பெயர்களில் ஒன்றுகூட அந்த வரியில் இல்லை. எனக்கு இதில் ரோஷம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பயம் இருக்கிறது. கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, ஆயிரம் இடத்தில் இருக்கின்றன. அவை எங்கள் ஊரில் எப்படி ஓடின என்பதற்கான மச்சம் காதுகளில்தான் இருக்கிறது. அம்மாவின் மூளையில் அன்றைக்கு அடைத்த ரத்தக்குழாய் கொஞ்சம் தள்ளி அடைத்திருந்தால், எனக்கு உரைத்துப் பார்க்கக் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

*

எமுலேட்டர் திருட்டில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எமுலேட்டர் வேறு, ஆட்டம் வேறு. முதல் பிளேஸ்டேஷனைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரை கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் விற்றபோது சோனி வழக்குப் போட்டது. எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் படித்து, அதேபோல நடந்துகொள்ளும் வேறொன்றைத் தாங்களே எழுதுவது தவறில்லை என்று 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே சோனி 2018-இல் பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று ஒரு குட்டிப் பெட்டியை விற்றபோது, உள்ளே ஓடியது ரசிகர்கள் எழுதிய இலவச எமுலேட்டர்.

ஆட்டத்தின் உரிமை இன்னும் நாம்கோவிடம்தான். 2020-இல் ‘நாம்கோ மியூசியம் ஆர்க்கைவ்ஸ்’ இரண்டாம் தொகுதியில் பேட்டில் சிட்டியை மறுபடி வெளியிட்டார்கள். காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அது நல்ல பதிப்பு. ஜப்பானிய வேகத்தில் ஓடுகிறது. எங்கள் வீட்டில் யாரும் அந்த வேகத்தில் ஆடியதில்லை.

வேகம் சரியான பிறகு கை. ஃபேமிகாம் ரிமோட்டில் திசைக்கு இடது கட்டைவிரல், சுடுவதற்கு வலது. அசல் பெட்டி கிடைத்திருந்தாலும், அம்மாவால் அதில் ஆடியிருக்க முடியாது. இங்கேதான் நகலின் நகல் உதவிக்கு வந்தது. ரெட்ரோஆர்ச்சில் எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்று மாற்றிக்கொள்ளலாம். வலப்பக்கம் இருக்கும் முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் நான்கையும் மேல், வலம், கீழ், இடமாக மாற்றினேன். ஆள்காட்டி விரல் போய்த் தொடும் ஆர் ஒன் பொத்தான் சுடுவதற்கு. ரிமோட் நழுவாமலிருக்க மடியில் தலையணை, அதன்மேல் சுருட்டிய துண்டு. ஒற்றைக் கையால் முழு டாங்கி.

முதல் நாள் மூன்று நிமிஷம். கழுகைத் தானே சுட்டுவிட்டாள். சிரித்தாள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கும் என்பதால் சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வாள். அன்றைக்கு மறைக்கவில்லை. கையில் ரிமோட் இருந்தது.

ஒரு வாரம் கழித்து கன்ஸ்ட்ரக்‌ஷனுக்குப் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆறு எங்கே, ரயில் லைன் எங்கே என்று யோசிக்கவில்லை. ஆற்றை வைத்தாள். இரும்பை வைத்தாள். ஐந்து செங்கல் வைத்தாள். சூளையை வைக்கும்போது நின்றாள்.

“கம்பெனி மூடிட்டாங்க இல்ல?”

“ஆமாம்மா.”

“இருந்தாலும் வெச்சிக்கறன்.”

முடித்ததும் நான் சேமித்தேன். எமுலேட்டரில் அந்த நொடியை அப்படியே நிறுத்தி ஒரு கோப்பாக எழுதிக்கொள்ளலாம். அம்மாவின் விருத்தாசலம் சில கிலோபைட். நீங்கள் காலையில் வாட்ஸ்அப்பில் பார்க்கும் பூப்படத்தைவிடச் சின்னது. பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக் காட்டினேன். ஆறு அங்கேயே இருந்தது. அம்மாவுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. “சூளயில வெச்சிட்ட” என்றாள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரம் அதை ஏற்றச் சொல்லவில்லை, மறுபடி புதிதாகக் கட்டினாள். ஆறு ஒரு கட்டம் தள்ளி வந்தது. இப்போது பென்டிரைவில் பதினேழு விருத்தாசலம் இருக்கிறது. பதினேழும் ஒன்றுபோல இல்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

இது வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. பிசியோதெரபி தனியாக நடக்கிறது, மாத்திரை தனியாகப் போகிறது. போன மாதம் அம்மாவாகவே ஒரு மாற்றம் கேட்டாள். “இந்தக் கை சும்மாதான கெடக்கு. அதுக்கும் ஒரு வேல குடு.” சுடும் பொத்தானை ஆர் ஒன்னிலிருந்து எல் ஒன்னுக்கு மாற்றிக் கொடுத்தேன். இடது கை ஆள்காட்டி விரலை வலது கையால் எடுத்துப் பொத்தான்மேல் வைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறாள்.

டாங்கி சரியாகத் திரும்புகிறது. குண்டு மட்டும் ஒரு நொடி கழித்துக் கிளம்புகிறது. அந்த ஒரு நொடியில் எதிரி ஆற்றைச் சுற்றிக்கொண்டு கீழே வந்துவிடுவான் என்பதால், நான் என் பச்சை டாங்கியைக் கழுகுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன். சில சமயம் அவள் குண்டு என்மேலேயே பட்டு, என் டாங்கி கொஞ்ச நேரம் அசையாமல் உறைந்து நிற்கும்.

“வழியில எதுக்குடா நிக்கிற?” என்கிறாள்.